மாற்றுச்சீட்டால் வந்த வினை: ஜட்சன் தம்பதியின் பர்மா வாழ்க்கை



பி.காம் படிக்கிறவன் சரித்திரம் எழுதலாமா என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். இந்தக் கதைக்குள் நான் நுழைந்ததே எங்கள் பாடப்புத்தகம் வழியாகத்தான். கணக்குப்பதிவியலில் மாற்றுச்சீட்டு என்று ஒரு பாடம் உண்டு. எழுதுநர், ஏற்பவர், பெறுநர், தள்ளுபடி, மறுப்பு என்று பக்கம் பக்கமாகக் குறிப்பேட்டுப் பதிவுகள் போடவேண்டும். அந்தக் காலத்தில் நிஜமாகவே இதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று தேடப்போன இடத்தில் ஒரு சம்பவம் கண்ணில் பட்டது. 1824-ல் பர்மாவின் தலைநகரான ஆவாவில் ஒரு அமெரிக்கப் பாதிரியார் சிறையில் போடப்பட்டார். அவர் ஒற்றர் என்பதற்கு அதிகாரிகள் காட்டிய ஆதாரம், ஒரு ஆங்கில வியாபாரியின் கணக்குப் புத்தகம். அதில் பாதிரியார் பெயரில் பற்று எழுதியிருந்தது.

ஒரு கணக்குப் பதிவு மனிதனை மரணச் சிறைக்கு அனுப்புமா என்று வியந்துபோய் மேலே படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அந்தப் பாதிரியாரைவிட அவருடைய மனைவிதான் மனதில் நின்றார். அவர்கள் இருவரின் கதை இது.

டிஸ்கி: இது மதப் பிரச்சாரப் பதிவு இல்லை. மத எதிர்ப்புப் பதிவும் இல்லை.

அப்பாவுக்கு ஒரு கடிதம்

அடோனிரம் ஜட்சன் 1788-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா சபை போதகர். பையன் படிப்பில் புலி. 1807-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். கல்லூரி நாட்களில் அப்பாவின் நம்பிக்கைகளை எல்லாம் உதறிவிட்டுத் திரிந்தவர், பிறகு மனம் மாறி ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவரும் சில நண்பர்களும் சேர்ந்து, நாங்கள் கீழைநாடுகளுக்குப் போகிறோம், அனுப்புங்கள் என்று கேட்டதன் விளைவாக 1810-ல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு வெளிநாட்டு மிஷன் சங்கமே உருவானது.

ஆன் ஹாசல்டைன் 1789-ல் பிராட்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தவர். பள்ளிக்கூட ஆசிரியை. அவரைப் பெண் கேட்டு ஜட்சன் அவருடைய அப்பாவுக்கு எழுதிய கடிதம் பிரசித்தம். நம்ம ஊரில் பெண் கேட்கப் போனால் என்ன சொல்வார்கள்? கண் கலங்காமல் பார்த்துக்கொள்வேன் என்பார்கள். ஜட்சன் நேர் எதிராக எழுதினார். அடுத்த வசந்த காலத்தில் மகளைப் பிரிந்துவிட வேண்டும், இந்த உலகத்தில் மறுபடி அவளைப் பார்க்க முடியாமல் போகலாம், கடல் ஆபத்து, வெயில், வறுமை, அவமானம், ஒருவேளை கொடூரமான சாவுகூட வரலாம், சம்மதமா என்று கேட்டார். அப்பா முடிவை மகளிடமே விட்டுவிட்டார். மகள் சரி என்றாள்.

இதில் கவனிக்க வேண்டியது, ஆன் ஏமாந்துபோய் வரவில்லை. என்ன நடக்கக்கூடும் என்று எழுத்திலேயே தெரிந்துகொண்டு புறப்பட்டார். அந்தக் கடிதத்தில் சொன்ன எல்லாமே ஏறக்குறைய அப்படியே நடந்தது.

1812 பிப்ரவரி 5 கல்யாணம். மறுநாள் ஜட்சனுக்கு குருப்பட்டம். 19-ம் தேதி சேலம் துறைமுகத்தில் (நம்ம சேலம் இல்லை, அமெரிக்க சேலம்! :-)) கப்பல் ஏறிவிட்டார்கள். ஆனுக்கு வயது 22.

எங்கேயும் இடமில்லை

1812 ஜூன் 17-ல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். மறுநாளே அமெரிக்கா பிரிட்டன் மீது போர் அறிவித்தது. இவர்களோ அமெரிக்கர்கள், வந்து இறங்கியது கிழக்கிந்தியக் கம்பெனியின் மண்ணில். அது போதாதென்று, கம்பெனிக்கு அப்போது மிஷனரிகள் என்றாலே ஆகாது. மதத்தில் கை வைத்தால் ஜனங்கள் கொந்தளிப்பார்கள், வியாபாரம் படுத்துவிடும் என்று பயம். நாட்டை விட்டு வெளியேறு என்று உத்தரவு வந்தது.

இதற்கிடையில் ஜட்சன் வேறொரு சிக்கலையும் இழுத்துக்கொண்டார். கப்பலில் வரும்போது ஞானஸ்நானம் பற்றி ஆராய்ச்சி செய்து, குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பது சரியில்லை, வளர்ந்தவர் நம்பி மூழ்கி எடுப்பதே சரி என்ற முடிவுக்கு வந்தார். ஆன் முதலில் எதிர்த்து வாதாடி, பிறகு தானும் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். செப்டம்பரில் கல்கத்தாவில் இருவரும் பாப்டிஸ்டுகளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். கொள்கை சரி, ஆனால் அனுப்பிவைத்த சங்கம் வேறு பிரிவு. அதாவது சம்பளம் தருகிறவர்களிடம், உங்கள் கொள்கையை விட்டுவிட்டேன் என்று கடல் கடந்து கடிதம் எழுதவேண்டிய நிலைமை. பிறகு அமெரிக்க பாப்டிஸ்டுகள் இவர்களை ஆதரிக்க முன்வந்தார்கள்.

கல்கத்தாவிலிருந்து மொரீஷியஸ் போனார்கள். இவர்களோடு அமெரிக்காவிலிருந்து வந்த தோழி ஹாரியட் நியூவெல் அங்கே ஏற்கனவே இறந்திருந்தாள். 19 வயது. அங்கிருந்து கப்பல் பிடித்து 1813 ஜூன் 4-ல் வந்து இறங்கிய ஊர், நம்ம மெட்ராஸ்!

மெட்ராஸும் கம்பெனி ஊர்தான். தங்கினால் பிடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். உடனே புறப்படும் கப்பல் எது என்று பார்த்தால், ரங்கூனுக்குப் போகும் ஜார்ஜியானா என்ற பழைய கப்பல் ஒன்றுதான் இருந்தது. பர்மா என்றால் கல்கத்தாவில் இருந்த எல்லோருமே வேண்டாம் என்று சொன்ன இடம். வேறு வழியில்லாமல் ஜூன் 22-ல் ஏறினார்கள். ஆன் அப்போது கர்ப்பிணி. துணைக்கு மெட்ராஸில் அமர்த்திய ஐரோப்பியப் பெண், கப்பல் கிளம்பியதுமே மேல்தளத்தில் விழுந்து இறந்துபோனாள். நடுக்கடலில் ஆனுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது.

இங்கே ஒரு விஷயம். இவர்கள் கடலில் இருந்த அதே நேரத்தில் லண்டன் பாராளுமன்றத்தில் 1813-ம் வருடத்துப் பட்டயச் சட்டம் விவாதத்தில் இருந்தது. கம்பெனியின் இந்திய வியாபார ஏகபோகத்தை முடித்துவைத்த சட்டம் என்று நாங்கள் படிக்கிறோமே, அதுவேதான். அதே சட்டம்தான் இந்தியாவுக்குள் மிஷனரிகள் வரவும் வழி திறந்தது. ஜட்சன் தம்பதி ரங்கூனில் இறங்கியது ஜூலை 13. சட்டம் கையெழுத்தானது ஜூலை 21. எட்டே நாள் வித்தியாசம்!

ரங்கூனில் ஒரு நாள்

ரங்கூனில் இறங்கும்போது ஆனால் எழுந்து நிற்கவே முடியவில்லை. ஒரு நாற்காலியில் மூங்கில் கட்டி, ஆட்கள் தோளில் தூக்கிப் போனார்கள். வழியில் நிழலுக்காக இறக்கி வைத்தபோது பர்மியப் பெண்கள் சுற்றி வந்து தொப்பிக்குள் குனிந்து முகத்தைப் பார்த்தார்களாம். ஆன் லேசாகச் சிரித்ததும் அவர்களும் கொல்லென்று சிரித்தார்களாம். பர்மாவில் அவருக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அதுதான்.

தங்கிய வீடு ஊர்ச் சுவருக்கு வெளியே, குற்றவாளிகளைக் கொல்லும் இடத்துக்கும் பிணம் எரிக்கும் இடத்துக்கும் பக்கத்தில். கல்கத்தாவில் புகழ்பெற்ற வில்லியம் கேரியின் மகன் ஃபீலிக்ஸ் கேரி அங்கே இருந்தார். அவரும் அடுத்த வருடம் அரச வேலையாக ஆவாவுக்குப் போய்விட்டார். அப்புறம் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

சாப்பாட்டுக்கு ரொட்டி கிடையாது, வெண்ணெய் கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. சோறும் கோழிக்கறிக் குழம்பும், வெள்ளரிக்காய் போட்டு வேகவைத்த கோழியும்தான் என்று ஆன் ஊருக்கு எழுதினார். (நமக்கு இது தண்டனையாகவே தெரியாது, அது வேறு விஷயம்.)

மொழி கற்றதுதான் பெரிய கதை. அகராதி இல்லை, இலக்கணப் புத்தகம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வாத்தியாருக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு பொருளைச் சுட்டிக்காட்டுவார்கள், அவர் பெயர் சொல்வார், எழுதிக்கொள்வார்கள். பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க அந்த வாத்தியாருக்கு ஆரம்பத்தில் மனசே இல்லை. போகப் போகத்தான் சரியானார். எழுத்து இன்னொரு தொல்லை. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் கோடுபோல ஓடும். நம்ம பழைய சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

ஜட்சன் காலையிலிருந்து இருட்டும்வரை வராந்தாவில் வாத்தியாரோடு உட்கார்ந்திருப்பார். ஆனுக்கும் படிக்க ஆசைதான். ஆனால் வேலைக்காரர்களுக்குச் சொல்வது, கடையில் வாங்குவது, வந்தவர்களைப் பார்ப்பது எல்லாம் அவர் தலையில். பாதிப் படிப்பு கெட்டுப்போகிறதே என்று வருத்தப்பட்டார். கடைசியில் நடந்தது வேறு. நாள் முழுக்கப் புத்தகத்தோடு இருந்தவரைவிட, நாள் முழுக்க ஜனங்களோடு பேசியவர் பேச்சில் முந்திவிட்டார்! ஜட்சனுக்கு இலக்கணம், ஆனுக்குப் பேச்சு. பர்மிய மொழியோடு ரங்கூனில் இருந்த சயாம் மக்களிடம் தாய் மொழியும் கற்றுக்கொண்டார். 1819-ல் செராம்பூர் அச்சகத்தில் அவருடைய மொழிபெயர்ப்பில் ஒரு சிறு வினாவிடை நூல் தாய் மொழியில் அச்சானது. தாய் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அது என்கிறார்கள்.

1815 செப்டம்பரில் மகன் ரோஜர் வில்லியம்ஸ் பிறந்தான். அப்பா படிக்கும்போது பக்கத்தில் பாயில் கிடப்பானாம். எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். பக்கத்தில் வைத்தியர் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

சாலையோரச் சாவடி

1817 கடைசியில் ஜட்சன், பர்மிய மொழி பேசும் கிறிஸ்தவர்கள் சிட்டகாங்கில் இருக்கிறார்கள், ஒருவரை அழைத்து வரலாம் என்று கப்பல் ஏறினார். சில வாரத்தில் திரும்ப வேண்டியவர். காற்று எதிராகி, கப்பல் திசை தப்பி, உணவும் தண்ணீரும் தீர்ந்து, சாகக் கிடந்த நிலையில் மசூலிப்பட்டணத்தில் கரை சேர்ந்தார். அங்கிருந்து பல்லக்கில் மறுபடியும் மெட்ராஸ். ரங்கூனுக்குக் கப்பல் கிடைக்காமல் மாதக்கணக்கில் அங்கேயே தவம் கிடந்தார். ரங்கூனில் ஆனுக்கு ஒரு தகவலும் இல்லை. கப்பல் காணாமல் போனது என்ற செய்திதான் வந்தது. ஊரில் காலரா. ஆங்கிலேயரோடு போர் வரப்போகிறது என்று வதந்தி. இவர்களுடன் இருந்த அச்சகக்காரர் ஹஃப்பின் குடும்பம் வங்காளத்துக்குக் கிளம்பியது. ஆனையும் வற்புறுத்திக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கப்பல் ஆற்றைத் தாண்டும் முன்பே பழுதாகி நின்றது. ஆன் சாமானை இறக்கிக்கொண்டு தனியாக வீட்டுக்குத் திரும்பிவிட்டார். 1818 ஆகஸ்டில் ஜட்சன் வந்து சேர்ந்தார். வீடு காலியாக இல்லை.

அடுத்த வருடம்தான் மக்களிடம் நேரடியாகப் பேசும் வேலையைத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் கோபுரம் வைத்த தேவாலயம் எதுவும் கட்டவில்லை. பர்மாவில் வழிப்போக்கர் தங்கவும், பண்டிகை நாளில் உட்கார்ந்து பேசவும் சயாத் என்று ஒரு கட்டடம் உண்டு. நம்ம ஊர்ச் சாவடி மாதிரி. ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகும் சாலையில் 27 அடிக்கு 18 அடியில் ஒரு சயாத் கட்டினார்கள். முன்பக்கம் மூங்கிலும் ஓலையும் போட்ட திறந்த திண்ணை. ஜட்சன் அங்கே உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை அழைத்துப் பேசுவார். உள்பக்கம் ஆன் பெண்களைச் சேர்த்துப் படித்துக் காட்டுவார். வந்தவர்கள் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள், மறுத்தார்கள், வாதாடினார்கள். பல பேர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

1819 ஜூன் 27-ல் மவுங் நௌ என்ற 35 வயதுக்காரர் ஞானஸ்நானம் பெற்றார். குளக்கரையில் ஒரு பெரிய புத்தர் சிலை இருந்தது. வந்து இறங்கி ஆறு வருடம் கழித்து முதல் ஆள்! எங்கள் பாடத்தில் முதலீட்டு மீட்புக் காலம் என்று ஒன்று உண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் எந்த வங்கியும் இவர்களுக்குக் கடன் தந்திருக்காது.

அடுத்தடுத்து வந்தவர்கள் பயந்து பயந்துதான் வந்தார்கள். சிலர் பொழுது சாய்ந்த பிறகு யாருக்கும் தெரியாமல் ஞானஸ்நானம் வாங்கினார்கள். அரசனிடம் மத உரிமை கேட்கலாம் என்று ஜட்சன் ஆறு தொகுதி பைபிளைத் தங்க ரேக்கில் பொதிந்து எடுத்துக்கொண்டு ஆற்றில் மேலே போனார். 1820 ஜனவரியில் புது அரசர் பாஜிதாவ், கொடுத்த துண்டுப்பிரசுரத்தின் ஆரம்ப வரிகளைப் படித்துவிட்டுக் கீழே போட்டார். அவ்வளவுதான் பேட்டி. பௌத்தத்தைக் காப்பதே தன் கடமை என்று நினைத்த ஒரு அரசர், அந்நியன் ஒருவன் வந்து உங்கள் மதம் தவறு என்றால் வேறென்ன செய்வார்? அவர் பக்கத்திலிருந்தும் பார்க்கத்தான் வேண்டும்.

கணக்குப் புத்தகம் காட்டிக்கொடுத்தது

ஆனுக்கு ஈரல் நோய் முற்றியதால் 1821-ல் வைத்தியத்துக்குப் புறப்பட்டு, கல்கத்தா, இங்கிலாந்து வழியாக அமெரிக்கா போனார். படுத்துக்கொண்டே பர்மா மிஷனின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். 1823-ல் அது வெளிவந்தது. ஊரில் இருந்துவிடச் சொன்னவர்களுக்குக் காது கொடுக்காமல் அதே வருடம் டிசம்பர் 5-ல் ரங்கூன் திரும்பினார். இரண்டு பேரும் பார்த்து இரண்டே கால் வருடம் ஆகியிருந்தது. அந்த இடைவெளியில் ஜட்சன் புதிய ஏற்பாட்டைப் பர்மிய மொழியில் முடித்துவிட்டிருந்தார். உடனே இருவரும் ஆவாவுக்குக் குடிபோனார்கள்.

1824 மார்ச்சில் முதல் ஆங்கிலோ-பர்மியப் போர் தொடங்கியது. மே மாதம் ஆங்கிலப் படை ரங்கூனைப் பிடித்தது. ஆவாவில் இருந்த வெள்ளைக்காரர் எல்லோர் மீதும் சந்தேகம்.

இனி நம்ம மாற்றுச்சீட்டுக்கு வருவோம். அமெரிக்கச் சங்கம் அனுப்பும் பணம் வங்காளத்தில் வந்து இருக்கும். ஆவாவில் இருக்கும் ஜட்சன் அதை எப்படி எடுப்பது? அங்கே ஹென்றி கூஜர் என்ற ஆங்கில வியாபாரி இருந்தார். அவரிடம் ரொக்கமாக வாங்கிக்கொண்டு, வங்காளத்தில் பணம் கொடுக்கும்படி ஒரு சீட்டு எழுதித் தருவார். கூஜர் அதைக் கல்கத்தாவில் மாற்றிக்கொள்வார். பணம் ஆற்றிலும் கடலிலும் பயணிக்காமலேயே ஊர் மாறிவிடும். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வரும் அதே தத்துவம்!

கூஜர் கைதானதும் அதிகாரிகள் அவருடைய கணக்கைப் பார்த்தார்கள். ஜட்சனுக்கும், இன்னொரு மிஷனரியான டாக்டர் பிரைசுக்கும் கணிசமான தொகை கொடுத்ததாக எழுதியிருந்தது. சீட்டு மூலம் பணம் மாறும் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. அமெரிக்கன் என்று சொல்கிறான், ஆங்கிலேயனிடம் பணம் வாங்குகிறான், அப்படியானால் ஒற்றன் என்று முடிவு கட்டினார்கள். யோசித்துப் பார்த்தால், போர் நேரத்தில் வேறு எந்த அரசாங்கமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருக்கும்.

ஜூன் 8-ம் தேதி சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் வந்து ஜட்சனைத் தரையில் தள்ளிக் கட்டி இழுத்துப் போனார்கள். போட்ட இடம் 'லெட் மா யூன்' என்ற மரணச் சிறை. காலில் மூன்று ஜோடி விலங்கு. இரவில் கைதிகளின் கால்களை ஒரு மூங்கிலில் கோத்து மேலே தூக்கிவிடுவார்கள். தோளும் தலையும் மட்டும் தரையில். தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு மணி அடித்தால் அன்றைக்குச் சாகவேண்டியவரை வந்து அழைத்துப் போவார்கள். சிறைக் காவலர்களே முன்னாள் குற்றவாளிகள், கன்னத்தில் சூடு போட்ட அடையாளம் இருக்கும். தலைமைக் காவலனைக் கைதிகள் 'அப்பா' என்றுதான் கூப்பிட வேண்டுமாம்!

கர்ப்பிணியின் இரண்டு மைல்

அந்தச் சிறை கைதிக்குச் சோறு போடாது. வெளியே இருப்பவர் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. ஆன் ஆவாவில் தனியாக இருந்தார், கர்ப்பமாகவும் இருந்தார். வீட்டில் சோதனைக்கு வருவார்கள் என்று தெரிந்து கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் எரித்தார். பணத்தையும் மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியையும் மண்ணில் புதைத்தார். ஈரத்தில் கெட்டுவிடும் என்பதால் பிறகு அந்தப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்து ஜட்சனிடம் கொடுத்தார். எந்தக் காவலனும் ஆசைப்படாத அளவுக்குக் கரடுமுரடான தலையணை!

தினமும் இரண்டு மைல் நடந்து சிறைக்கு. முதல் தடவை போனபோது ஜட்சன் விலங்கோடு வாசல்வரை தவழ்ந்து வந்தாராம். அதிகாரிகள் வீடு வீடாக ஏறி இறங்கினார். சிலருக்குப் பரிசு, சிலரிடம் கெஞ்சல், சிலரிடம் வாதம். பர்மியப் பெண்களைப் போலவே உடுத்திக்கொண்டார். நகர ஆளுநர் கிழவர் இவர்மேல் இரக்கப்பட்டார். வெள்ளைக் கைதிகளை இரகசியமாகக் கொன்றுவிடு என்று மூன்று முறை உத்தரவு வந்தும் நிறைவேற்றாமல் தள்ளிப்போட்டார். அந்தக் கிழவர் மட்டும் இல்லையென்றால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

நடுவில் ஒரு நாள், கணவர் மனசு கொஞ்சமாவது தேறட்டும் என்று எருமைக் கறியும் வாழைப்பழமும் வைத்து ஊர்ப் பலகாரமான 'பை' ஒன்றைச் செய்து அனுப்பினார். ஜட்சன் அதைப் பார்த்ததும் ஊரும் வீடும் ஞாபகம் வந்து சாப்பிட முடியாமல் பக்கத்துக் கைதியிடம் கொடுத்துவிட்டார். சிறைக் கதையில் எத்தனையோ கொடுமைகள் வருகின்றன. எனக்கு அழுகை வந்தது இந்த இடத்தில்தான்.

1825 ஜனவரியில் மகள் மரியா பிறந்தாள். இருபது நாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிறை வாசலுக்குப் போய் அப்பாவுக்குக் காட்டினார். வெயில் காலம் வந்தது. நூறு பேருக்கு மேல் ஒரே அறையில், விலங்கு ஐந்து ஜோடி ஆனது. சிறை வளாகத்தில் அரசருக்குப் பரிசாக வந்த ஒரு சிங்கம் கூண்டில் இருந்தது. சிங்கம் ஆங்கிலேயர் கொடியில் இருக்கும் மிருகம் என்று அதையும் பட்டினி போட்டுக் கொன்றார்கள். காய்ச்சலில் கிடந்த ஜட்சனுக்கு அந்தக் காலிக் கூண்டில் இருக்க ஆன் அனுமதி வாங்கினார். அறையைவிட அது சொர்க்கமாம்.

மே மாதம் திடீரென்று கைதிகளை வெறுங்காலோடு கொதிக்கும் மணலில் ஆங்பின்லே என்ற கிராமத்துக்கு நடத்திப் போனார்கள். கூட வந்த ஒரு கிரேக்கர் அன்றே இறந்தார். கூஜரின் வங்காளி வேலைக்காரர் தன் தலைப்பாகையைக் கிழித்துப் பாதியை எஜமானுக்கும் பாதியை ஜட்சனுக்கும் காலில் கட்டிக்கொள்ளக் கொடுத்தார். மீதித் தூரம் ஜட்சனைத் தன் தோளில் தாங்கிக்கொண்டும் போனார்.

ஆன் கைக்குழந்தையோடும், தாம் வளர்த்துவந்த இரண்டு பர்மியச் சிறுமிகளோடும் படகிலும் வண்டியிலும் பின்னாலேயே போனார். காவலன் வீட்டில் நெல் கொட்டிவைத்த அறைதான் ஆறு மாதத்துக்கு வீடு. சிறுமிக்கு அம்மை வந்தது. ஆன் ஒரு சாதாரண ஊசியால் மற்ற குழந்தைகளுக்கு அம்மைப்பால் குத்தினார். கிராமத்தார் கேள்விப்பட்டுத் தங்கள் பிள்ளைகளையும் கொண்டுவந்தார்கள். பிறகு ஆனே காய்ச்சலில் விழுந்து, பால் வற்றிப்போனது. காவலருக்குக் கொடுத்ததைக் கொடுத்து, ஜட்சன் விலங்கோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், கைக்குழந்தை உள்ள தாய்மாரிடம் பால் கேட்டார். அவர்கள் கொடுத்தார்கள். போர் நடக்கிற நாட்டில், ஒற்றன் என்று சிறை வைக்கப்பட்டவனின் குழந்தைக்கு! அந்தத் தாய்மார்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தலையணை என்ன ஆனது? சிறை மாற்றியபோது காவலர்கள் உறையை எடுத்துக்கொண்டு பஞ்சை வீசி எறிந்தார்கள். மவுங் இங் என்ற பர்மியக் கிறிஸ்தவர் எஜமானர் ஞாபகமாக இருக்கட்டும் என்று அந்தப் பஞ்சுச் சுருளை எடுத்து வைத்தார். மாதங்கள் கழித்துப் பிரித்தால் உள்ளே கையெழுத்துப் பிரதி பத்திரமாக இருந்தது.

வரவும் செலவும்

தோற்றுக்கொண்டிருந்த பர்மிய அரசுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். ஒற்றன் என்று பிடித்தவரையே 1825 நவம்பரில் வெளியே எடுத்துப் பேச்சுவார்த்தைக்குப் பயன்படுத்தினார்கள். 1826 பிப்ரவரி 24-ல் யந்தபோ உடன்படிக்கை. அரக்கானும் தெனாசெரிமும் கம்பெனிக்குப் போயின. அதோடு ஒரு கோடி ரூபாய் நஷ்டஈடு.

தம்பதி ஆங்கிலேயர் வசமான ஆம்ஹெர்ஸ்ட் என்ற புது ஊரில் குடியேறினார்கள். ஆங்கிலத் தூதுவர் கிராஃபர்டு வர்த்தக ஒப்பந்தத்துக்காக ஆவா போனபோது, மத உரிமைக்கு ஒரு விதி சேர்க்கலாம் என்ற ஆசையில் ஜட்சன் கூடப் போனார். அந்த விதி கிடைக்கவில்லை. அவர் ஊரில் இல்லாத நேரத்தில், 1826 அக்டோபர் 24-ல், ஆன் காய்ச்சலில் இறந்தார். வயது 36. செய்தி ஜட்சனுக்குக் கிடைத்தது நவம்பரில். ஆறு மாதத்தில் மரியாவும் இறந்தாள்.

ஜட்சன் உடைந்துபோனார். சொத்தை மிஷனுக்கு எழுதிவைத்தார். காட்டில் குடிசை போட்டுக்கொண்டு, தனக்கே ஒரு குழி வெட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மீண்டுவர வருடங்கள் ஆயின. 1834-ல் முழு பைபிளையும் பர்மிய மொழியில் முடித்தார். 1850-ல் கடற்பயணத்தில் இறந்தார், உடலும் கடலுக்கே போனது. அவருடைய மொழிபெயர்ப்பு பர்மாவில் இன்றும் படிக்கப்படுகிறது. கடவுளுக்கு அவர் எடுத்துக்கொண்ட சொல் 'பயா'. புத்தரையும் பகோடாவையும் குறிக்க அந்த மக்கள் சொல்லும் அதே சொல். தமிழில் பராபரன் என்பதா தேவன் என்பதா என்று மொழிபெயர்ப்பாளர்கள் திணறியது போலத்தான். திண்ணையில் உட்கார்ந்து பேசியவருக்குத்தான் எந்தச் சொல் ஒட்டும் என்று தெரிந்திருக்கும்.

2014 கணக்கெடுப்பின்படி மியான்மரில் கிறிஸ்தவர்கள் 6.2 சதவீதம். பெரும்பாலும் கரேன், கச்சின், சின் மக்கள். ஜட்சன் தம்பதி யாருக்காக மொழி கற்றார்களோ அந்தப் பர்மியப் பௌத்தர்களில் மிகச் சிலரே மாறினார்கள்.

இதை லாபம் என்பதா நஷ்டம் என்பதா? மூன்று குழந்தைகள், ஒரு பெண்ணின் உயிர் ஒரு பக்கம். ஒரு மொழிக்கு அகராதியும் நூலும் இன்னொரு பக்கம். தவிர, அந்நியப் படை பிடித்த மண்ணில்தான் கடைசியில் அவர்கள் தைரியமாக ஊழியம் செய்ய முடிந்தது என்ற சங்கடமான உண்மையும் இருக்கிறது. ஐந்தொகை சரியாக நிற்கவில்லை. நான் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆனால் ஒன்று நிச்சயம். மிஷனரி வரலாறு என்றால் பெரும்பாலும் பாதிரியார் பெயர்தான் அட்டையில் இருக்கும், 'திருமதி' உள்ளே ஒரு வரியில் வருவார். இந்தக் கதையில் சோறு கொண்டுபோனதும், பிரதியைக் காப்பாற்றியதும், நடந்ததை எல்லாம் எழுதி உலகத்துக்குச் சொன்னதும் ஆன்தான். அவருக்கும் மேலே, தலைப்பாகையைக் கிழித்த அந்த வங்காளி, உத்தரவைக் கிடப்பில் போட்ட கிழவர், பால் கொடுத்த தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தச் சங்கத்திலும் சம்பளம் வாங்கியவர்கள் இல்லை. யாரையும் எந்த மதத்துக்கும் மாற்ற வந்தவர்களும் இல்லை. அடுத்த முறை மாற்றுச்சீட்டுக் கணக்கு போடும்போது, பெறுநர் என்ற இடத்தில் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வரும்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? சொல்லுங்கள், பேசுவோம். திங்கட்கிழமை எனக்கு அடக்கவிலைக் கணக்கியல் தேர்வு. உயிரோடு இருந்தால் அடுத்த பதிவில் சந்திப்போம்!